புரதக் கரைசலை மின்புலத்தோடு வடிகட்டுவது எப்படி: டர்பனில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேதிப்பொறியியல் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் இந்த ஊரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பிறந்து வளர்ந்தவர்கள். சிலர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்படிப்புக்கு வந்தவர்கள். சவ்வு வடிகட்டல் பக்கம் வந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “அக்கா, மின்புலம் வைத்தால் சவ்வு அடைக்காதாமே, எத்தனை வோல்ட் வைக்கணும்?”

வோல்ட்டைக் கடைசியில் கேளுங்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியவை இரண்டு: கரைசலின் பி.எச்., கரைசலின் மின்கடத்துதிறன். புரதத்தை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதை பி.எச். சொல்லும். இழுப்பதில் லாபம் உண்டா, வெறும் சூடுதான் மிஞ்சுமா என்பதைக் கடத்துதிறன் சொல்லும். இவை இரண்டையும் அளக்காமல் பவர் சப்ளையின் குமிழைத் திருப்புகிறவர்கள் ஒரு வாரம் வேலை செய்தும் ஒன்றும் புரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடைப்பு எங்கே உண்டாகிறது

பி.எஸ்.ஏ. என்ற மாட்டுச் சீரம் அல்புமின்தான் எல்லாரும் பழகத் தொடங்கும் புரதம். மூலக்கூறு எடை சுமார் 66 கிலோடால்டன். இதை 30 அல்லது 10 கிலோடால்டனுக்கு மேற்பட்டவற்றைத் தடுக்கும் அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வின் மேல் ஓட்டி அழுத்தம் கொடுத்தால் தண்ணீரும் உப்பும் கீழே இறங்கும், புரதம் மேலே தங்கும். தங்கிய புரதம் உடனே கரைசலுக்குத் திரும்பிப் போய்விடுவதில்லை. சவ்வை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் அதன் செறிவு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கூழாகப் படிந்துவிடும்.

ஓட்டம் முடிந்து, சவ்வு பொருத்திய செல்லைத் திறந்து, சவ்வை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நிறமில்லாத ஒரு பளபளப்பு தெரியும். கையுறை போட்ட விரலால் தொட்டால் வழுக்கும். ஓரத்தில் மெதுவாகத் தள்ளினால் சுருண்டு வரும். இந்தப் படலம் வந்தபிறகு அழுத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, படலம்தான் தடிக்கும். அழுத்தத்தை இரட்டிப்பாக்கியும் ஃப்ளக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டர் சவ்வில் மணிக்கு இறங்கும் நீரளவு, அசையவில்லை என்றால் இந்த நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வழக்கமான மருந்து, கரைசலை சவ்வின் மேல் வேகமாக ஓட்டுவது. அதற்குப் பம்ப் செலவு உண்டு, நுரை பொங்கும், மென்மையான புரதம் சிதையவும் செய்யலாம். மின்புலம் வேறு வழியில் வேலை செய்கிறது. புரதத்துக்கு மின்னூட்டம் உண்டு. சவ்வுக்கு எதிர்த்திசையில் ஒரு மின்முனை வைத்து இழுத்தால், தண்ணீர் ஓட்டம் புரதத்தைச் சவ்வை நோக்கித் தள்ளும்போதே புலம் அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும்.

மின்புலத்தில் துகளும் நீரும் நகர்வதை ராய்ஸ் என்ற விஞ்ஞானி மாஸ்கோவில் 1809-லேயே வெளியிட்டுவிட்டார். புரதங்களை மின்புலத்தில் பிரித்துக் காட்டியதற்காக ஸ்வீடன் வேதியியலாளர் டிசெலியஸுக்கு 1948-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கரைசலைச் சவ்வின் மேலாக ஓட்டும் குறுக்கோட்ட வடிகட்டலோடு மின்புலத்தைச் சேர்த்து ஹென்றி, லாலர், குவோ மூவரும் எழுதிய கட்டுரை 1977-இல் வந்தது. ஆக, அடிப்படை எல்லாம் பழையது, நன்றாகச் சோதிக்கப்பட்டது.

முதல் வேலை: பி.எச். பார்த்துத் திசையை முடிவு செய்வது

ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு சமமின் புள்ளி உண்டு. அந்த பி.எச்.-இல் அதன் நிகர மின்னூட்டம் பூஜ்யம். அதற்கு மேலே போனால் எதிர்மின்னூட்டம், கீழே போனால் நேர்மின்னூட்டம். பி.எஸ்.ஏ.வுக்கு இது 4.7-ஐ ஒட்டியும், பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் மோரில் உள்ள பீட்டா லாக்டோகுளோபுலினுக்கு 5.2-ஐ ஒட்டியும் இருக்கும். முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைமுக்கு 11-ஐ ஒட்டி.

முதல் சோதனைக்கு பி.எஸ்.ஏ.வை 7.5-இல் வைத்துக்கொள்ளுங்கள். புரதம் நல்ல எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும், நேர்மின்முனையை நோக்கிப் போகும். எனவே நேர்மின்முனை கரைசல் பக்கம், எதிர்மின்முனை வடிநீர் பக்கம். இதை செல்லின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறிப் போனால் புலம் புரதத்தைச் சவ்விலேயே கொண்டுபோய் அப்பும். சில நிமிடங்களில் ஃப்ளக்ஸ் விழுந்துவிடும், அந்தச் சவ்வு பழைய நிலைக்கு வருவது கஷ்டம்.

இந்த அமைப்பில் இன்னொரு நன்மையும் தானாகக் கிடைக்கிறது. பாலிஈதர்சல்ஃபோன் சவ்வுகள் நடுநிலை பி.எச்.-இல் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் உள்ளவை. அப்படிப்பட்ட துளைகளுக்குள் மின்புலம் தண்ணீரை எதிர்மின்முனைப் பக்கம் நகர்த்தும். எதிர்மின்முனைதான் வடிநீர் பக்கம் இருக்கிறதே, ஆகவே ஃப்ளக்ஸுக்கு அதுவும் கொஞ்சம் சேரும். லைசோசைமை நடுநிலை பி.எச்.-இல் வடிகட்டும்போது முனைகளை மாற்ற வேண்டியிருக்கும். அப்போது இதே நகர்வு உங்களுக்கு எதிராகத் திரும்பும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு லைசோசைமைவிட பி.எஸ்.ஏ. நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வேலை: கடத்துதிறன், அதிலிருந்து கணக்கு

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மொத்தத் தொழிலும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

நடுநிலை பி.எச்.-இல், உப்பு குறைந்த கரைசலில், பி.எஸ்.ஏ. மூலக்கூறு ஒரு சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் புலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வேகத்தில் நகரும். இப்போது ஃப்ளக்ஸையும் வேகமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 36 லிட்டர் என்பது நொடிக்கு 10 மைக்ரோமீட்டர். அதாவது தண்ணீர் புரதத்தைச் சவ்வை நோக்கி அந்த வேகத்தில் இழுத்துப் போகிறது. அதைச் சரிக்குச் சரி நிறுத்த சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 வோல்ட் புலம் போதும். இதைத்தான் மாறுநிலைப் புலம் என்கிறோம். இதற்குக் கீழே புலம் ஏற ஏற ஃப்ளக்ஸ் ஏறும். இதைத் தாண்டினால் புரதம் சவ்வுக்கே வராது. அப்புறம் வோல்ட்டைக் கூட்டுவதில் பெரிய பலன் இல்லை, கரண்டும் சூடும்தான் கூடும்.

அடுத்து கரண்ட். கடத்துதிறனை மில்லிசீமென்ஸ்/செ.மீ.-இலும் புலத்தை வோல்ட்/செ.மீ.-இலும் எடுத்துப் பெருக்கினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிஆம்பியர் என்று நேரே விடை வரும். 1 மில்லிசீமென்ஸ் கரைசல், 10 வோல்ட்/செ.மீ. புலம்: சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர். 50 சதுர சென்டிமீட்டர் சவ்வுக்கு அரை ஆம்பியர். சாதாரண லேப் பவர் சப்ளை தாராளமாகத் தரும்.

அதே வேலையை பி.பி.எஸ். பஃபரில், அதாவது பி.எச். மாறாமல் தாங்கும் உப்பு கலந்த பாஸ்பேட் கரைசலில், செய்து பாருங்கள். உயிரியல் துறைப் பிள்ளைகள் எதற்கும் எடுக்கிற பஃபர் அது. அதன் கடத்துதிறன் 15 மில்லிசீமென்ஸை ஒட்டி இருக்கும். அதே புலத்துக்கு ஏழரை ஆம்பியர் வேண்டும். ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 1.5 வாட் சூடு இறங்கும். கரைசல் ஓடாமல் நின்றால் மூன்று நொடிக்கு ஒரு டிகிரி ஏறும். இத்தனைக்கும் புரதத்தை இழுக்கும் வேகம் கூடுவதில்லை, உப்பு அதிகமானால் சொல்லப்போனால் குறையும். கரண்டை உப்பு அயனிகளே சுமந்துகொண்டு போய்விடுகின்றன.

ஆகவே முதல் கரைசல் இப்படி இருக்கட்டும்: 5 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பி.எச். 7.5, கடத்துதிறன் 1 மில்லிசீமென்ஸை ஒட்டி, பி.எஸ்.ஏ. லிட்டருக்கு 2 கிராம். சோடியம் குளோரைடு வேண்டவே வேண்டாம். நேர்மின்முனையில் குளோரைடு குளோரினாக மாறி, ஹைபோகுளோரைட்டாகிப் புரதத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும். பி.எச்.-ஐச் சரிசெய்ய ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றும் பழக்கமும் இங்கே கூடாது, பாஸ்பாரிக் அமிலம் பயன்படுத்துங்கள்.

பவுடரைத் தண்ணீரின் மேல் தூவி, தானாக நனைந்து இறங்கும்வரை விடுங்கள். காந்தக் கலக்கியை வேகமாகச் சுழற்றினால் நுரை வரும், நுரையில் புரதம் சிதையும். கரைந்ததும் 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் ஒருமுறை விட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்லைக் கட்டுவது

நேர்மின்முனையிலிருந்து தொடங்கி அடுக்குகளை வரிசையாகச் சொல்கிறேன். நேர்மின்முனை, அதைக் கழுவி ஓடும் பஃபர் அறை, ஒரு நேரயனிப் பரிமாற்றச் சவ்வு (நேர்மின் அயனிகளை மட்டும் விடுவது), புரதக் கரைசல் ஓடும் பாதை, அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வு, அதைத் தாங்கும் துளையுள்ள பிளாஸ்டிக் தகடு, வடிநீரும் கழுவும் பஃபரும் சேரும் அறை, கடைசியில் எதிர்மின்முனை. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் சிலிக்கோன் காஸ்கெட். இரண்டு முனைகளுக்கும் இடைவெளி மொத்தம் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் 30 வோல்ட் சப்ளையே போதும், அதிக வோல்ட்டின் ஆபத்துக்குப் போக வேண்டியதில்லை.

நேர்மின்முனைக்கு பிளாட்டினம் பூசிய டைட்டானியம் அல்லது இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம். விலை கூடத்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அங்கே வைத்தால் இரும்பும் குரோமியமும் நிக்கலும் கரைந்து கரைசலுக்குள் வரும், பஃபர் மஞ்சளடிக்கும். எதிர்மின்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை தாராளமாகப் போதும்.

முனைகளை ஏன் தனி அறையில் அடைக்க வேண்டும்? தண்ணீர் அங்கே பிளக்கிறது. நேர்மின்முனையில் ஆக்சிஜனும் அமிலமும், எதிர்மின்முனையில் ஹைட்ரஜனும் காரமும் உண்டாகின்றன. அரை ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 19 மில்லிமோல் அமிலமும் காரமும் வரும். ஒரு லிட்டர் 5 மில்லிமோலார் பஃபர் அதைத் தனியாகத் தாங்காது, கால் மணிக்குள் தோற்றுவிடும். புரதம் அந்த அமிலத்தைத் தொட்டால் சமமின் புள்ளியைத் தாண்டி வெள்ளையாகத் திரண்டுவிடும்.

இதற்கு வழி சுலபம். இரண்டு முனை அறைகளையும் ஒரே தொட்டியிலிருந்து வரும் பஃபரால் கழுவி, திரும்ப அதே தொட்டிக்கு விடுங்கள். அமிலமும் காரமும் சம அளவில் பிறப்பதால் தொட்டியில் கலந்து ஒன்றையொன்று தீர்த்துவிடும். பஃபர் பெரும்பாலும் நடுநிலையாகவே இருப்பதால் பரிமாற்றச் சவ்வு வழியாகச் சோடியம் அயனிகள்தான் கரண்டைச் சுமந்து போகும். அந்தச் சவ்வும் எதிர்மின்னூட்டம் உள்ளது என்பதால் இழுக்கப்பட்டு வரும் புரதம் அதில் எளிதில் ஒட்டாது.

தொட்டியை மூட வேண்டாம், புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து விசிறி ஓடட்டும். அரை ஆம்பியருக்கு மணிக்குக் கால் லிட்டரை ஒட்டிய ஹைட்ரஜன் வரும். அளவு சின்னதுதான், ஆனால் மூடிய பாட்டிலில் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வெடிக்கும்.

இந்த அமைப்பில் வடிநீரும் அந்தத் தொட்டிக்கே போய்ச் சேரும். தொட்டியைத் தராசின் மேல் வைத்துவிட்டால், கூடுகிற எடைதான் ஃப்ளக்ஸ். தனிப் பாத்திரம் வைத்துப் பிடிக்க வேண்டியதில்லை. புரதக் கரைசல் இருக்கும் ஊட்டத் தொட்டியில் குறைந்த எடையோடு ஒத்துப்பார்த்தால் கசிவு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஓட்டும் நாள்

முதலில் வெறும் காய்ச்சி வடித்த நீரை ஓட்டி, 1 பார் அழுத்தத்தில் சவ்வின் தண்ணீர் ஃப்ளக்ஸைக் குறியுங்கள். அடுத்து புரதமில்லாத பஃபரை ஓட்டி, புலத்தைக் கொஞ்ச நேரம் போட்டுப் பாருங்கள். கரண்ட் கணக்குப்படி வருகிறதா, இரண்டு பக்கமும் குமிழி எழுகிறதா, எங்காவது காற்று தங்கி நிற்கிறதா என்று சோதிக்க இதுதான் நேரம். குமிழி தங்கிய இடத்தில் கரண்ட் போகாது, மற்ற இடத்தில் கூடுதலாகப் போகும். செல்லைச் செங்குத்தாக நிறுத்தி, பஃபர் கீழிருந்து மேலே ஓடும்படி குழாயை மாட்டினால் குமிழி தானாக வெளியேறும்.

பிறகு புரதக் கரைசலை விடுங்கள், புலம் இல்லாமல். ஃப்ளக்ஸ் முதலில் வேகமாக விழும், அப்புறம் மெதுவாக. நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். பொறுமை இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும்போதே புலத்தைப் போட்டால் எது புலத்தின் வேலை என்று பிரிக்கவே முடியாது. நிலையான அந்த எண்தான் நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அடிப்படை.

இப்போது சப்ளையைக் கரண்ட் கட்டுப்பாட்டில் வைத்து, 2 வோல்ட்/செ.மீ.க்குச் சமமான கரண்ட்டிலிருந்து தொடங்குங்கள். தராசின் எண்களைக் கவனியுங்கள். நல்ல செல்லாக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் எடை ஏறும் வேகம் மாறுவது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு படியிலும் இருபது நிமிடம் நிறுத்தி 5, 8, 12 என்று ஏற்றுங்கள்.

புலத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். சப்ளையில் தெரியும் வோல்ட்டை இடைவெளியால் வகுப்பது சரியான புலத்தைத் தராது. முனைகளின் பரப்பில் தண்ணீரைப் பிளக்கவே சில வோல்ட் போய்விடுகிறது, பரிமாற்றச் சவ்விலும் வடிகட்டும் சவ்விலும் இன்னும் கொஞ்சம். புரதம் உணர்வது ஊட்டப் பாதையில் மிஞ்சும் புலத்தை மட்டும். அதற்கு நம்பகமான வழி: கரண்டை சவ்வின் பரப்பால் வகுத்து, அதை ஊட்டக் கரைசலின் கடத்துதிறனால் வகுப்பது. நோட்டில் எப்போதும் இந்த எண்ணையே எழுதுங்கள். வேறொருவர் செல்லோடு உங்கள் முடிவை ஒப்பிட வேண்டுமென்றால் இது இல்லாமல் முடியாது.

கால் மணிக்கு ஒருமுறை ஊட்டக் கரைசலின் பி.எச்., கடத்துதிறன், வெப்பநிலை மூன்றையும் எழுதுங்கள். நான் சொன்ன அமைப்பில் நேரம் போகப்போக ஊட்டக் கரைசலில் உப்பு கொஞ்சம் சேரும், கடத்துதிறன் ஏறும். அதைக் கவனிக்காமல் கரண்டை அப்படியே வைத்திருந்தால் புலம் உங்களுக்குத் தெரியாமலே குறைந்துகொண்டு வரும்.

வெப்பநிலைக்குத் தனியாக ஒரு வார்த்தை. டர்பனில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், அதை வைத்துக் குளிர்விக்க முடியாது. ஊட்டத் தொட்டியைச் சுற்றி ஐஸ் வைத்து, கரைசல் 25 டிகிரியில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 35-ஐத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். புரதத்தின் பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீரின் பாகுநிலை டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் குறையும். பத்து டிகிரி சூடானால் புலமே இல்லாமல் ஃப்ளக்ஸ் இருபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். மின்புலத்தால் வந்த முன்னேற்றம் என்று சொல்லப்படுவதில் எவ்வளவு வெறும் சூட்டால் வந்தது என்று கேட்கத் தெரிந்திருப்பது, இந்தத் துறையில் நேர்மையாக வேலை செய்வதற்கு மிகவும் வேண்டியது.

மின்வெட்டு

தென்னாப்பிரிக்காவில் இதை எழுதாமல் விட முடியாது. 2023-இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது அட்டவணையைப் பார்த்துத்தான் சோதனைக்கு நேரம் குறிக்க வேண்டியிருந்தது. இப்போது நிலைமை எவ்வளவோ பரவாயில்லை என்றாலும் செல்லை அதற்குத் தயாராகவே கட்டுங்கள்.

ஆபத்து இதுதான்: பம்ப் நிற்கிறது, ஆனால் பவர் சப்ளை யு.பி.எஸ்.-இல் மாட்டியிருப்பதால் தொடர்ந்து ஓடுகிறது. நின்ற கரைசலில் புலம் இருந்தால் சூடு வெளியேற வழியில்லை, முனை அறைகளில் அமிலமும் காரமும் கலக்காமல் தேங்கும். பம்ப்பையும் சப்ளையையும் ஒரே ரிலேயில் மாட்டுங்கள், ஒன்று நின்றால் மற்றதும் நிற்கட்டும். கரண்ட் திரும்ப வரும்போது சப்ளை தானாக எழும்பாமல், நீங்கள் பொத்தானை அழுத்தினால்தான் ஓட வேண்டும். பம்ப்பையும் முனைகளைக் கழுவும் ஓட்டத்தையும் முதலில் ஓடவிட்டு, காற்று வெளியேறியபின் புலத்தைப் போடுங்கள். நிறுத்தும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: புலம் முதலில், பம்ப் கடைசியில்.

30 வோல்ட்தான் என்று ஈரக்கையோடு முனைகளைத் தொடாதீர்கள். வயர் இணைப்புகள் எல்லாம் சொட்டும் இடத்துக்கு மேலே இருக்கட்டும்.

உண்மையிலேயே புலம்தானா?

ஃப்ளக்ஸ் ஏறியதும் சந்தோஷப்படுங்கள், ஆனால் நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதே கரைசலை, அதே கரண்ட்டில், பி.எச். 4.7-இல் ஓட்டுங்கள். அங்கே பி.எஸ்.ஏ.வுக்கு நிகர மின்னூட்டம் இல்லை. புலத்தின் உதவி ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். அங்கேயும் அதே அளவு ஏற்றம் வந்தால் நீங்கள் பார்த்தது சூட்டின் வேலையாகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கும். ஃப்ளக்ஸைப் புலத்துக்கு எதிராக வரைந்தால், மாறுநிலைப் புலம்வரை ஏறத்தாழ நேர்கோடாக ஏறி, பிறகு மடங்கும். நேர்கோட்டின் சரிவு புரதத்தின் நகர்வு வேகத்தோடு ஓரளவு ஒத்துப்போக வேண்டும். மிகவும் தள்ளி இருந்தால் புலத்தைக் கணக்கிட்ட இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

புரதம் கெடவில்லை என்பதையும் காட்ட வேண்டும். 280 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தல் பாருங்கள். பி.எஸ்.ஏ. லிட்டருக்கு 1 கிராம் என்றால் 1 செ.மீ. அகலமுள்ள அளவுக் குப்பியில் 0.66-ஐ ஒட்டி வரும். கழுவும் தொட்டியிலும் இதை அளந்தால் எவ்வளவு புரதம் நழுவியது என்று தெரியும், வடிநீர் பஃபரோடு கலந்து நீர்த்திருக்கிறது என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டக் கரைசல் கலங்கியிருந்தால் எங்கோ பி.எச். தடுமாறியிருக்கிறது. நொதியோடு வேலை செய்பவர்கள் செயல்திறனையும் கட்டாயம் அளக்க வேண்டும். கரைசல் தெளிவாக இருப்பதால் மட்டும் நொதி உயிரோடு இருக்கிறது என்று ஆகாது.

செலவும் மோரும்

30 வோல்ட், அரை ஆம்பியர் என்றால் 15 வாட். 50 சதுர சென்டிமீட்டர் சவ்வில் மணிக்கு 0.3 லிட்டர் வடிநீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 வாட்-மணி, அதாவது ஆயிரம் லிட்டருக்கு 50 யூனிட். சாதாரண குறுக்கோட்ட அல்ட்ராஃபில்ட்ரேஷனுக்கு ஆகும் மின்சாரத்தைவிட இது பல மடங்கு. புலத்தை விட்டுவிட்டுக் கொடுத்தால் செலவு குறையும். ஒரு நிமிடம் போட்டு ஒரு நிமிடம் நிறுத்தினாலே மின்சாரம் பாதியாகும். படலம் கட்ட நேரமெடுக்கும் கரைசல்களில் ஃப்ளக்ஸ் அந்த அளவுக்குக் குறையாது. எந்த இடைவெளி பொருந்தும் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு முதுகலை மாணவருக்கு நல்ல ஆய்வு வேலை.

குவாசுலு-நடால் மிட்லண்ட்ஸ் பக்கம் பாலாடைக்கட்டி செய்பவர்கள் நிறையப் பேர். அங்கே மிஞ்சும் மோரில் உள்ள புரதத்தை இப்படி எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். மோரின் கடத்துதிறன் 5 மில்லிசீமென்ஸை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும். அப்படியே ஓட்டினால் பெரும்பங்கு மின்சாரம் உப்பை நகர்த்தவே போகும். போதாக்குறைக்கு, காரம் உண்டாகும் எதிர்மின்முனைப் பக்கம் கால்சியம் பாஸ்பேட் வெள்ளையாகப் படியும். முதலில் சாதாரண சவ்விலேயே தண்ணீர் சேர்த்துச் சேர்த்து வடிகட்டி உப்பையும் லாக்டோஸையும் கழுவி, 1 மில்லிசீமென்ஸ் பக்கம் கொண்டுவாருங்கள். உப்பு மிகவும் குறைந்தால் மோரின் சில குளோபுலின்கள் திரளும், ஆகவே கலங்கல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இவ்வளவு செய்தபிறகும், மொத்த மோர்ப்புரதத்துக்கு இந்த முறை கட்டுபடியாகாது என்பதே என் கருத்து. மருந்துக்கும் நோயறிதலுக்கும் போகும் விலையுயர்ந்த புரதம், சிறிய அளவு, வேகமாக ஓட்டினால் சிதைந்துவிடும் நொதி: இவற்றுக்குத்தான் மின்புலம் தன் செலவைத் திருப்பித் தரும். மோரைப் பழகுவதற்கு எடுங்கள், மலிவாகவும் நிறையவும் கிடைக்கும்.

முடித்தபிறகு

சப்ளையை நிறுத்தி, பஃபரால் பத்து நிமிடம் கழுவி, தண்ணீர் ஃப்ளக்ஸை மறுபடி அளங்கள். காலையில் அளந்த எண்ணோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு அடைப்பு நிலைத்துவிட்டது என்று தெரியும். புலத்தோடு ஓட்டிய சவ்வும் புலமில்லாமல் ஓட்டிய சவ்வும் இந்த இடத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள், பல சமயம் ஃப்ளக்ஸ் ஏற்றத்தைவிட இதுதான் பெரிய லாபமாக இருக்கும். பாலிஈதர்சல்ஃபோன் சவ்வை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அரை மணி ஓட்டிக் கழுவலாம். செல்லுலோஸ் சவ்வாக இருந்தால் தயாரிப்பாளர் சொல்லும் பி.எச். வரம்பைப் பார்த்தபிறகே காரம் ஊற்றுங்கள். பரிமாற்றச் சவ்வைக் காயவிடக் கூடாது, காய்ந்தால் விரிசல் விடும், உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மூடி வையுங்கள். எதிர்மின்முனையில் வெள்ளைப் படிவு இருந்தால் நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் போட்டு எடுங்கள். பிளாட்டினம் பூசிய முனையைத் தேய்க்காமல் தண்ணீரில் அலசி, தனி உறையில் வையுங்கள்.